மூன்றாவது சாவி

விளக்குச் சுடரின் நுனியில் சாவியைக் காட்டி, இரண்டு பக்கமும் கரி படியும்வரை சாவிக்காரரின் விரல்கள் அதைத் திருப்பிக்கொண்டிருந்தன. கரி ஒரே சீராகப் படிய வேண்டும். ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலிந்தால் பூட்டு சொல்வது சரியாகத் தெரியாது. படிந்ததும் சாவியை இரும்புப் பெட்டியின் துளைக்குள் விட்டு, வலப்பக்கம் மயிரிழை அளவு திருப்பி, நடுங்காமல் வெளியே எடுத்து லென்ஸுக்கு அடியில் பிடித்தார். மூன்றாவது பல்லின் நெற்றியில் கரி அழிந்து ஒரு சின்னக் கோடு தெரிந்தது. அந்தக் கோட்டில் மட்டும் அரம் இறங்கியது. நான்கு இழுப்பு. துடைத்துவிட்டு மறுபடி சுடர், மறுபடி கரி, மறுபடி துளை.

கரி அழிந்த இடத்தில் அராவ வேண்டும். அழியாத இடத்தைத் தொடக் கூடாது. அவசரப்பட்டு இங்கேயும் இருக்கும் என்று ஒரு இழுப்பு கூடுதலாக இழுத்தால் போனது போனதுதான். அராவிய இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது.

"உடைச்சுத் திறக்கறதுன்னா பத்து நிமிஷம்தான்" என்று காலையிலேயே சொல்லிப் பார்த்தார்.

"உடைக்க வேண்டாம். சாவி போட்டுக் குடு" என்றாள் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த தங்கை.

மூன்று வருடத்தில் அவள் அவரிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அது. பேசிவிட்டுத் தெருவைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். பெட்டியை விட்டுவிட்டுப் போய்ச் சாயந்தரம் வா என்றதற்கும் தலையை மட்டும் ஆட்டினாள். அங்கேயே உட்கார்ந்திருந்தாள். பெட்டியின் ஒரு மூலை அவள் முழங்காலைத் தொட்டுக்கொண்டிருந்தது.

அவர் கடை ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்தது. ஆறடி நீளம், நாலடி அகலம். நிமிர்ந்தால் படி தலையில் இடிக்கும். முப்பத்தொரு வருடமாகக் குனிந்தே எழுந்து பழகிவிட்டதால், வெட்டவெளியில் நிற்கும்போதும் எழுகையில் தலை தானாகக் குனியும். சுவரில் ஆணி வரிசையாகப் பல் வெட்டாத சாவிகள், நடுவில் சாவியை இறுக்கிப் பிடிக்கிற வைஸ், காலடியில் அரத்தூள். யாரும் சொல்லிக் கொடுத்து வந்த தொழில் இல்லை. சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவர், குப்பையில் கிடக்கிற பூட்டுகளைப் பொறுக்கி வந்து அறுத்துப் பார்த்து, எந்தத் தகடு எதைத் தூக்குகிறது என்று காலண்டரின் பின்பக்கத்தில் வரைந்து தானாகக் கற்றுக்கொண்டது.

தானாகக் கற்றவர்களுக்கு வரும் பிடிவாதங்கள் அவருக்கும் உண்டு. எந்தப் பூட்டுக்கு எத்தனை சாவி போட்டோம் என்பதை ஒரு நோட்டில் எழுதி வைப்பார். முதல் சாவியின் கழுத்தில் ஊசிமுனை உளியால் ஒரு புள்ளி வைப்பார், இரண்டாவதில் இரண்டு. கொஞ்சம் ஆட்டினால் திறக்கும் என்ற நிலையில் ஒரு சாவியைக் கையில் கொடுக்கவே மாட்டார். பத்துக்கு ஒன்பது தடவை திறந்தாலும் அவர் கணக்கில் அது சாவி இல்லை. இன்னொன்று, ஊரார் பெட்டியோ பீரோவோ, பூட்டைத் திறந்து காட்டுவாரே தவிர மூடியைத் தூக்க மாட்டார். உள்ளே இருப்பது அவர் வேலையில் சேராது.

இடது கட்டை விரலில் உணர்ச்சி போய் ஆறு வருடம் ஆகிறது. அராவிய விளிம்பில் பிசிறு இருக்கிறதா என்று முன்பெல்லாம் அந்த விரலால்தான் தடவிப் பார்ப்பார். இப்போது கீழுதட்டில் வைத்துப் பார்க்கிறார். எப்போதிருந்து இப்படி என்று மருத்துவர் கேட்டபோது அவரால் ஒரு நாளைச் சொல்ல முடியவில்லை. தெரியாததைத் தெரியும் என்று சொல்கிற ஆளும் இல்லை அவர்.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு மதியம், தங்கையின் கணவர் வேலை பார்த்த மெத்தைக் கிடங்கில் முன்பக்க மின்பெட்டியில் தீப்பிடித்தது. பஞ்சும் நுரையும் அடுக்கிய இடம். கிடங்குப் பொறுப்பாளரான அவர் பின்கதவுக்கு ஓடியிருக்கிறார். பின்கதவு பூட்டியிருந்தது. மதியம் சாப்பிடப் போகும்போது சரக்கு பின்வழியாக வெளியே போகாமல் இருக்க முதலாளி அதைப் பூட்டிவிட்டுப் போவது வழக்கம். பின்கதவுக்கு மூன்றடி தள்ளி அவரை எடுத்தார்கள்.

அந்தப் பூட்டை ஒரு வருடம் முன்னால் பொருத்திக் கொடுத்தவர் சாவிக்காரர்தான். மாப்பிள்ளைதான் கூட்டிக்கொண்டு போனார். "மச்சான், எங்க முதலாளிக்கு நல்ல பூட்டா வேணுமாம், உங்களை விட்டா யாரு?" உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் சாவி போடுகிற கனமான பூட்டு. சாவி இரண்டு. இரண்டையும் முதலாளியின் உள்ளங்கையில் வைத்தார். நோட்டிலும் அப்படித்தான் எழுதினார்.

தீ அணைந்த பிறகு, ஒரு புள்ளிச் சாவி முதலாளியின் மேசை இழுப்பறையில் கிடைத்தது. இரு புள்ளிச் சாவி அவருடைய கார்ச் சாவிக் கொத்தில் இருந்தது. மாப்பிள்ளையின் இடுப்புக் கொத்தில் மூன்று சாவிகள் உருகி வளைந்து கிடந்தன. வீடு, சைக்கிள், இந்த இரும்புப் பெட்டி. கிடங்குச் சாவி அதில் இல்லை.

போலீசிடம் முதலாளி சொன்னது ஒன்றே ஒன்று. "மூணாவதா ஒரு சாவி போட்டு அவர்கிட்டக் கொடுத்திருந்தேன். அவர் எங்க தொலைச்சாரோ."

வழக்கின் எடை முழுவதும் அந்த ஒரு சாவியின் மேல் வந்து உட்கார்ந்தது. அது இருந்திருந்தால், மாப்பிள்ளை தன் கவனக்குறைவால் செத்தார். இல்லாதிருந்தால், அவரை உள்ளே வைத்துப் பூட்டினார்கள். தங்கைக்கு வேண்டியது அந்த இரண்டில் எது என்பது மட்டும்தான். அவளுடைய மகளுக்கு அப்போது பதினோரு வயது. பள்ளிக்கூடத்தில் யாரோ, "உங்கப்பா சாவியை மறந்துட்டாராமே" என்று கேட்டிருக்கிறார்கள்.

முதலில் நடந்தது குற்ற வழக்கு. அரசுத் தரப்புச் சாட்சியாகச் சாவிக்காரரைக் கூப்பிட்டார்கள். சாட்சிக் கூண்டின் கைப்பிடி பலர் கைபட்டு வழவழவென்று இருந்தது. அதன் திருகு ஒன்று தளர்ந்திருந்ததைக் கவனித்தார். இரண்டு சாவிகளைக் காட்டினார்கள். புள்ளிகளைக் காட்டினார். நோட்டைக் காட்டினார். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. பிறகு முதலாளியின் வக்கீல் எழுந்தார். தலை முழுக்க நரை, குரல் பஞ்சு.

"உங்க தொழிலைப் பத்தி உங்களைவிடத் தெரிஞ்சவங்க இல்ல. நீங்க போட்ட பூட்டுக்கு வேற ஒருத்தர் இன்னொரு சாவி போட முடியுமா?"

யோசிக்க அதில் என்ன இருக்கிறது? எந்தப் பூட்டுக்கும் இன்னொரு சாவி போடலாம். அதை நம்பித்தான் அவர் கிட்டத்தட்ட முப்பது வருடம் சாப்பிட்டிருக்கிறார். "முடியும்" என்றார்.

"முதலாளி அப்படி ஒண்ணு போட்டிருக்கலாமா?"

"இருக்கலாம்."

"உங்களுக்குத் தெரியாம?"

"இருக்கலாம்."

"அந்தச் சாவி தீயில கருகி, தண்ணி அடிச்சதுல அடிச்சுட்டுப் போயி, குப்பையோட குப்பையாப் போயிருக்கலாமா?"

"இருக்கலாம்."

வேறு யாராக இருந்தாலும் அந்தக் கேள்விகளுக்குப் பின்னால் என்ன நிற்கிறது என்று பார்த்திருப்பார்கள். அவர் பூட்டைத்தான் பார்த்தார். கேட்டது பூட்டைப் பற்றி, சொன்னதும் பூட்டைப் பற்றி. ஏழு தடவை இருக்கலாம் என்றார். முதலாளி கூண்டேறவே இல்லை. வாயைத் திறக்க வேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை. நிரூபிக்க வேண்டியது அரசாங்கத்தின் பாடு. சந்தேகம் வலுவாக இருந்தாலும் மூன்றாவது சாவி இருந்திருக்க முடியாது என்று அரசுத் தரப்பு ஐயமற நிறுவவில்லை, அந்த ஐயத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கே என்று நீதிபதி படித்து முடித்தார். விடுதலை.

நீதிமன்றத் தாழ்வாரத்தில் தங்கை காத்திருந்தாள். அழவில்லை. கத்தவும் இல்லை.

"அவர்கிட்டச் சாவி இல்லன்னு உனக்குத் தெரியாதா?"

"எனக்கு எப்படித் தெரியும்? கேட்டாங்க, முடியுமான்னு. முடியும்தானே."

"சரி. இனிமே எனக்கு அண்ணன்னு ஒருத்தர் இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

அந்த வார்த்தை எப்படியோ அவருக்கு முன்னால் தெருவுக்கு வந்து சேர்ந்துவிட்டது. பக்கத்துக் கடைக் கடிகாரக்காரர்தான் ஆரம்பித்து வைத்தார்.

"என்ன இருக்கலாம் அண்ணே, மழை வருமா?"

அவர் வானத்தைப் பார்த்துவிட்டு, "வரலாம்" என்றார். தெரு சிரித்தது. கேலி செய்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அன்று மழை வரலாம் போலத்தான் இருந்தது. அன்றிலிருந்து அதுவே பெயராகிவிட்டது. சாவி போட வருகிறவர்கள்கூட "இருக்கலாம் கடை எது?" என்று விசாரித்துக்கொண்டு வந்தார்கள். அவர் நிமிர்ந்து பார்ப்பார், தலையை இடித்துக்கொள்ளாமல். அவ்வளவுதான். கோபம் வர வேண்டிய இடத்தில் ஒன்றும் வரவில்லை. வைஸில் இருக்கிற சாவியின் அடுத்த பல்லை எண்ணிக்கொண்டிருப்பார்.

வீட்டில் மனைவி அதைப் பற்றிப் பேசவில்லை. வாரத்தில் இரண்டு நாள் மூன்றடுக்குப் பாத்திரம் அலமாரியில் இருக்காது. மறுநாள் கழுவிக் கவிழ்த்து அதே இடத்தில் இருக்கும். அது தங்கை வீட்டுக்குப் போய் வருகிறது என்று அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்று மனைவிக்கும் தெரியும். மூடியின் கொக்கி தளர்ந்திருந்ததை ஒரு நாள் எடுத்து இறுக்கி வைத்தார். பேச்சு அவ்வளவுதான் நடந்தது.

பிறகு இழப்பீட்டு வழக்கு வந்தது. தங்கை தொடுத்தது. அவளுடைய வக்கீல் நாற்பது வயதுப் பெண்மணி. வழக்குக் கட்டுகளுக்கு நடுவே மேசையைத் தேடிப் பிடித்து உட்காருகிறவர். சாட்சிப் பட்டியலில் அந்த வக்கீல் சாவிக்காரரின் பெயரை எழுதியபோது தங்கை, "அவரா? அவர் வந்தா இருக்கலாம்னு சொல்லிட்டுப் போயிருவாரு" என்றாளாம். "அதைத்தான் சொல்லணும்" என்றாராம் வக்கீலம்மா. இதை அவரே பின்னால் சாவிக்காரரிடம் சொன்னார், கூண்டேறுவதற்கு முந்தின நாள், தன் அறையில்.

"நான் அங்க சொன்னதைத்தான் இங்கயும் சொல்லுவேன்" என்று சாவிக்காரர் முதலிலேயே சொல்லி வைத்தார்.

"ஒரு எழுத்து மாத்தாதீங்க. மாத்தினீங்கன்னா அந்த நரைத்தலைப் பெரியவர் உங்களைக் கூண்டுலயே பொரிச்சு எடுத்துருவார்."

"பின்ன எப்படி? அங்க தோத்த சொல் இங்க மட்டும் எப்படி ஜெயிக்கும்?"

வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அங்க கேட்டது, ஒரு மனுஷனைப் பிடிச்சு உள்ள போடலாமான்னு. அதுக்கு நியாயமான சந்தேகம் ஒண்ணே ஒண்ணு மிஞ்சினாலும் விட்டுரணும். இங்க யாரையும் உள்ள போடல. உங்க தங்கச்சி சொல்றது நடந்திருக்க வாய்ப்பு கூடவா, முதலாளி சொல்றது நடந்திருக்க வாய்ப்பு கூடவா? எது கூடவோ அது. தராசுல ஒரு பக்கம் கொஞ்சம் சாஞ்சாப் போதும்."

"தராசு கொஞ்சம் சாஞ்சா, தராசே சரியில்லாமலும் இருக்கலாமே."

வக்கீலம்மா சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டார். "இதுக்குத்தான் அந்தப் பேரா?"

அவர் சிரிக்கவில்லை. "அப்ப அங்க நடந்தது வேற, இங்க நடந்தது வேறயா?"

"நடந்தது ஒண்ணுதாங்க. அதை எவ்வளவு காட்டினாப் போதும்ங்கறதுதான் வேற. அங்க விடுதலை ஆனது இங்க செல்லாது. இவங்க புதுசா எடைபோடணும். இன்னொண்ணு. அங்க அவர் வாயே திறக்கல. திறக்கலன்னு தப்பா நெனைக்கவும் கூடாது. இங்க மூணாவது சாவி குடுத்தேன்னு சொன்னா, அவர்தான் காட்டணும். எங்க போட்டாரு, யாரு போட்டது, எப்பக் குடுத்தாரு? காட்டலன்னா அது அவர் தலையில."

சாவிக்காரர் வெகுநேரம் மேசையின் பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மலிவான பூட்டு. திறக்க ஒரு ஊக்கு போதும். "அப்ப எங்கிட்ட முடியுமான்னு மட்டும் கேக்க மாட்டீங்க?"

"முடியுமான்னும் கேப்பேன். அதுக்கப்புறமும் கேப்பேன்."

மறுநாள் அப்படித்தான் கேட்டார்.

மூன்றாவது சாவி போட முடியுமா? முடியும். கடையில் தொங்குகிற சாவியில் வெட்ட முடியுமா? முடியாது, தண்டு கனம், இரும்புக் கம்பியிலிருந்து அடித்து எடுக்க வேண்டும். எவ்வளவு நேரம் ஆகும்? எனக்கு ஒரு பகல். பூட்டோ பழைய சாவியோ கையில் இல்லாமல் முடியுமா? முடியாது. இந்த ஊரில் வேறு யார் செய்வார்கள்? ஒருத்தர் இருந்தார், நான் இந்தப் பூட்டைப் பொருத்துவதற்கு முன்னாலேயே கண் போய் நிறுத்திவிட்டார். உங்களிடம் யாராவது வந்தார்களா? வரவில்லை.

நரைத்தலை வக்கீல் எழுந்தார். "வெளியூர்ல போட்டிருக்கலாமே?"

"இருக்கலாம்."

பின்வரிசையில் யாரோ செருமினார்கள். தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். வக்கீல் திருப்தியாக உட்கார்ந்தார், முதல் தடவை போலவே.

ஆனால் இந்தத் தடவை அதன் பிறகு முதலாளி கூண்டேற வேண்டியிருந்தது. எந்த ஊரில் போட்டீர்கள்? ஞாபகமில்லை. யாரிடம்? தெருவோரம் ஒருத்தர். எந்த வருடம்? ஞாபகமில்லை. இரண்டு சாவியும் உங்களிடமே இருந்ததே, எதைக் கொண்டுபோய்க் காட்டிப் போட்டீர்கள்? யோசித்தார். சரக்கு வெளியே போய்விடும் என்று பயந்து பூட்டுகிறவர், உள்ளே இருக்கிற ஆளிடமே ஒரு சாவியை ஏன் கொடுத்தீர்கள்? அவர் தண்ணீர் கேட்டார். கொடுத்தார்கள்.

இரண்டு மாதத்தில் தீர்ப்பு. மூன்றாவது சாவி என்று ஒன்று இருந்ததற்கான வாய்ப்பைவிட இல்லாதிருந்ததற்கான வாய்ப்பே மேலோங்கி நிற்கிறது, ஆகவே இறந்தவரிடம் சாவி இல்லை என்றே இந்த நீதிமன்றம் கொள்கிறது என்று எழுதியிருந்தது. சாவிக்காரரின் சாட்சியம் நம்பத்தக்கது என்றும் ஒரு வரி இருந்தது. குற்ற வழக்கின் தீர்ப்பிலும் கிட்டத்தட்ட அதே வரி இருந்ததாக அவருக்கு ஞாபகம்.

தாழ்வாரத்தில் வக்கீலம்மா தங்கையின் கையைப் பிடித்துக் குலுக்கினார். தங்கையின் கை குலுக்கிய பக்கமெல்லாம் போனது. அண்ணனைக் கடந்துபோகும்போது நின்றாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு படியிறங்கிப் போனாள். அவரும் கடைக்குப் போய் ஒரு பீரோச் சாவியைப் போட்டு முடித்தார்.

இதெல்லாம் நடந்து ஒரு வருடம் ஆகிவிட்டது. முதலாளி மேல்முறையீட்டுக்கும் போகவில்லை. அதற்கான கெடுவும் முடிந்துவிட்டது. இப்போது பெட்டி வந்திருக்கிறது.

ஐந்து பற்களில் நான்கு அமைந்துவிட்டன. கடைசிப் பல் மட்டும் சொல்ல மறுத்தது. கரி அழியவும் இல்லை, அப்படியே நிற்கவும் இல்லை, மங்கியது. சாவியை வைஸில் விட்டுவிட்டுக் கையைத் துடைத்தார். கடிகாரக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன இருக்கலாம் அண்ணே, பெட்டி திறக்குமா?" என்றார். ஸ்டூலில் இருப்பது யார் என்று பார்த்ததும் அவர் தலை வந்த வழியே உள்ளே போய்விட்டது.

"மகளுக்குக் காலேஜ்ல அவங்கப்பா படிச்ச சான்றிதழ் கேக்கறாங்க" என்றாள் தங்கை, தெருவைப் பார்த்தபடி. "எல்லாம் இதுக்குள்ளதான். இல்லன்னா நான் திறக்கவே மாட்டேன்."

அவர் விளக்கின் திரியைத் தூண்டிவிட்டார்.

"ஆபீஸ் சம்பந்தப்பட்டது எதுனாலும் அவர் இதுலதான் போடுவாரு. பேப்பர், பேனா, சாவி, எல்லாம்." கொஞ்சம் நிறுத்தினாள். "போலீஸ் வீட்டுக்கு வந்தப்ப இது கட்டிலுக்கு அடியில இருந்துச்சு. யாரும் கேக்கல. நானும் சொல்லல."

"எங்கிட்டயும் கேக்கல" என்றார் அவர்.

அவள் அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தாள். கட்டிலுக்கு அடியில் பெட்டி இருப்பது, கல்யாணமான வாரமே அதைத் தள்ளி வைக்கக் கைகொடுத்த அவருக்கும் தெரியும். இரண்டு வழக்குகளிலும் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னவர் அவர். கேட்காததற்கு இல்லை. அது சரியா என்று இந்த ஆறு வருடத்தில் தன்னிடம் கேட்டுப் பார்த்திருக்கிறார். கரி அழியாத இடத்தைத் தொடுவதில்லை என்ற பதிலைத் தவிர வேறு கிடைக்கவில்லை. அந்தப் பதில் அவருக்கே போதவில்லை.

உள்ளே ஒரு கனமான இரும்புச் சாவி கிடந்தால் என்ன ஆகும் என்பது இருவருக்கும் தெரியும். முதலாளி சொன்னது உண்மை என்றாகும். மாப்பிள்ளை அன்று காலை சாவியைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு வேலைக்குப் போனார் என்றாகும். அந்த வாய்ப்பைத்தான் மேலோங்கவில்லை என்று ஒரு நீதிமன்றமும், மறுக்க முடியாது என்று இன்னொரு நீதிமன்றமும் சொல்லிவிட்டுப் போயிருந்தன. வீட்டில் மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் தங்கை இந்தப் பெட்டியைத் திறக்க வேண்டும்.

சுடரைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு, கடைசிப் பல்லுக்கு மட்டும் மெல்லிய கரியாகப் படிய வைத்தார். துளைக்குள் விட்டு, இந்தத் தடவை இடப்பக்கம் திருப்பி எடுத்தார். லென்ஸில் கோடு தெரிந்தது, இதுவரை அவர் தேடாத பக்கத்து விளிம்பில். இரண்டு இழுப்பு. கீழுதட்டில் வைத்துப் பார்த்தார். இன்னொரு அரை இழுப்பு.

சாவி திரும்பியது. உள்ளே பூட்டின் நாக்கு விலகும் சத்தம் கேட்டது. மூடி ஒரு விரல்கடை தானாக எழும்பியது. காகிதங்கள் நெருக்கிக்கொண்டிருந்திருக்க வேண்டும். பழைய காகிதத்தின் வாசம் வந்தது. தங்கை எழுந்துவிட்டாள்.

அவர் உள்ளங்கையை மூடியின் மேல் வைத்து அழுத்திப் பூட்டினார். மறுபடி திறந்தார். மறுபடி எழும்பியது, மறுபடி அழுத்திப் பூட்டினார். ஐந்து தடவை அப்படிச் செய்தார். எண்ணெய் ஒரு சொட்டு விட்டு ஆறாவது தடவை. ஆட்டாமல், அசைக்காமல், வெண்ணெய் போலத் திரும்பியது. ஒவ்வொரு தடவையும் அவர் கண் துளையின் மேலேயே இருந்தது.

"பாக்கலையா?" என்றாள்.

"பூட்டைத்தானே பாக்கச் சொன்ன."

அவள் மறுபடி உட்கார்ந்தாள். "அண்ணே. உள்ள இருக்குமா அது?"

அவர் அரத்தைத் தட்டி, தூளை ஊதி, அதன் இடத்தில் வைத்தார். "இருக்கலாம்."

அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அதைத்தான் எதிர்பார்த்திருந்தாள் போல.

"ஆனா இருக்காதுன்னுதான் நான் நெனைக்கிறேன்."

"எவ்வளவு நெனைக்கிற?"

அவர் யோசித்தார். அவளிடம் கூடுதலாக ஒரு இழுப்பு இழுத்துவிடக் கூடாது. "ரெண்டாவது கோர்ட்டு அளவுக்கு."

"மொத கோர்ட்டு அளவுக்கு இல்ல?"

"இல்ல."

தங்கை தலையாட்டினாள். தெருவில் ஒரு தள்ளுவண்டி போனது.

"இருந்துச்சுன்னா நான் என்ன செய்யட்டும்?"

"எடுத்துட்டு வா. யாரு அராவுனதுன்னு பாத்துச் சொல்றேன்."

"சொல்லுவியா?"

"நீ கேக்கலன்னாலும் சொல்லுவேன்."

ஊசிமுனை உளியை எடுத்து, சாவியின் கழுத்தில் ஒரே தட்டு, ஒரு புள்ளி. துணியில் கரி முழுக்கப் போகும்வரை துடைத்தார். நோட்டை எடுத்துத் தேதி போட்டு, இரும்புப் பெட்டி, சாவி ஒன்று என்று எழுதினார். பெயர் எழுதும் இடத்தில் தங்கச்சி என்று எழுதி, மை காயட்டும் என்று நோட்டைத் திறந்தே வைத்தார்.

"எத்தனை போட்டிருக்க?" என்றாள் அவள்.

"ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு."

அவள் கையை நீட்டினாள். தலை படியில் இடிக்காமல் எழுந்து குனிந்து, சாவியை அவள் உள்ளங்கையில் வைத்தார்.